ரோஜா இலையில் வட்டம் போட்டது யார்

1

இந்தக் கதை ஓர் இலையிலிருந்து வந்தது. வேறு ஏதாவது பெரிய இடத்திலிருந்து வந்ததாகச் சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் சரக்கு வாங்கிய இடத்தை மறைத்து விற்கிறவனிடம் வாடிக்கை நிற்காது.

நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். குளிக்கப் போனவர் குளித்துக்கொண்டே இருந்தார். காத்திருக்கிறவன் சுவரைப் பார்ப்பான், காலண்டரைப் பார்ப்பான், பிறகு பால்கனிக்குப் போவான். அங்கே ஒரே ஒரு ரோஜாத் தொட்டி. அதன் இலைகளில் ஓரமாக வட்ட வட்டமாக வெட்டு. பூச்சி கடித்த இலையை நான் பார்க்காதவன் இல்லை. எலி புகுந்த மூட்டை மாதிரி பிய்ந்து தொங்கும். இது அப்படி இல்லை. காசை வைத்துக் கோடு போட்டு, கூரான கத்தரியால் ஒரே மூச்சில் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது.

நான் வளர்ந்தது பேரம் பேசுகிறவர்கள் நடுவில். எங்கள் வீட்டில் யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதை வாங்கப்போவதில்லை என்று அர்த்தம். வாங்குகிற எண்ணம் இருந்தால் குறை சொல்லுவோம். அந்தப் பழக்கத்தில் இலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் குறை தேடினேன். விளிம்பில் பிசிறு? இல்லை. வளைவில் கோணல்? இல்லை. குறையே கிடைக்காவிட்டால் எங்களுக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும்: இதில் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது.

“உங்க வீட்டுல யாரு இலைய வெட்டி விளையாடறது?” என்று குளித்து வந்தவரிடம் கேட்டேன்.

“தேனீ,” என்றார் காதைத் துடைத்துக்கொண்டே.

ஆள் கேலி செய்கிறார் என்று சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் பாட்டுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். [எதற்காக அவரைப் பார்க்கப் போனேன் என்பது மட்டும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.]

2

தொடக்கம் ஒன்று:

‘மொட்டைமாடியில் காலை வெயில் இதமாகப் படர்ந்திருந்தது. ரோஜாச் செடிகள் மெல்லத் தலையசைத்து—’

வேண்டாம். தலையசைக்கிற செடியை நான் பார்த்ததில்லை. காற்றடித்தால் செடி ஆடும், அவ்வளவுதான்.

தொடக்கம் இரண்டு:

‘இலைவெட்டித் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. அதற்கு ராணி இல்லை, வேலைக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் கூட்டைத் தானே கட்டி, தன் பிள்ளைகளுக்குத் தானே—’

எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் வாசகருக்குப் பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கும் என்று தோன்றிவிடும். தகவலை வைத்திருக்கிறேன். மளிகைக் கடையில் ஏலக்காய் மாதிரி, கேட்கிறபோது கொஞ்சமாக எடுத்துத் தருவேன்.

தொடக்கம் மூன்று:

‘“யாரு வெட்டினது?” என்று அக்கா கேட்டாள்.’

இதை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வி கேட்கப்பட்ட வீட்டில் ஒருத்தியின் பிழைப்பே வெட்டுவதுதான் என்றால், கதை தன்னால் நடக்கும்.

3

அவளை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிங் மாஸ்டர். பள்ளிச் சீருடை, குழந்தைகள் கவுன், மருத்துவமனை அங்கி என்று கடைக்காரர்கள் துணியைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவள் அடுக்கடுக்காக விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டிக் கட்டிக் கொடுப்பாள். தைப்பது வேறு ஆட்கள். தையல்காரர் தப்புப் பண்ணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுகிறவர் தப்புப் பண்ணினால் துணி குப்பை. அதனால் அவள் கையில் கத்தரி இருக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம், அதற்கும் மேலே பொதுவாக ஒரு மொட்டைமாடி. மாடியின் ஒரு பாதியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. மாஸ்டரின் வெட்டு மேசை, துணிச்சுருள் மாட்டுகிற இரும்புச் சட்டம், விளக்கு, மின்விசிறி எல்லாம் அங்கே. மறு பாதியில் அவள் ஓரகத்தியின் ரோஜாத் தொட்டிகள். மாஸ்டர் அவளை ‘அக்கா’ என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இனி ஒரு விவரம். இதை வாசகர் விரலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளவேண்டும்: மாடிப்படி ஏறி வந்து முடிகிற இடம் ரோஜாத் தொட்டிப் பக்கம். குறுக்கே ஒரு சுவர் எழுந்தால் கொட்டகைக்குப் போக வழியே கிடையாது. மாஸ்டர் தன் மேசைக்குப் போக இறக்கை வேண்டும்.

[முதல் பிரதியில் அக்காவை வில்லியாக எழுதியிருந்தேன். மூக்கில் கோபம், வாயில் நெருப்பு. திரும்பப் படித்தபோது அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி நின்றாள். இந்த மாதிரிப் பெண்மணிகளை மெகா தொடரில் வாரம் முழுக்க இலவசமாகத் தருகிறார்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவருக்கு அதையே கட்டிக் கொடுக்கலாமா? அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.]

அக்காவுக்கு அந்த வீட்டில் தொழில் என்று பெயர் வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. புருஷனுக்குக் கடை, கொழுந்தனுக்கு வேலை, ஓரகத்திக்கு மேசை. காலையில் ஆளாளுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவள் போன இடம் மாடி. ஒவ்வொரு செடியும் யார் வீட்டிலிருந்தோ கேட்டு வாங்கி வந்த குச்சி. சிலது கேட்காமல் வாங்கியது. பதியம் போட்டு, வேர் பிடிக்குமா பிடிக்காதா என்று தவித்து, தளிர் விட்டதும் வீட்டில் இருக்கிற எல்லாரையும் இழுத்துவந்து காட்டுவாள். யாரும் சரியாகப் பார்க்கமாட்டார்கள். பார்த்தவள் ஒருத்திதான், மாஸ்டர். “இதென்னக்கா, பட்டுத்துணி மாதிரி இருக்கு இலை,” என்று விரலால் தடவிச் சொன்னவளும் அவள்தான்.

அதனால்தான் அடி பலமாக விழுந்தது.

4

“யாரு வெட்டினது?” என்று அக்கா கேட்டாள்.

கையில் ஓர் இலை. ஓரத்தில் வட்டமாக ஒரு துண்டு இல்லை, பக்கத்தில் நீள்வட்டமாக இன்னொன்று இல்லை. மாஸ்டர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு இலையை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வெட்டின விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? ‘ஐயோ, நான் இல்லைக்கா’ என்போம். அதுதான் குடும்பத்தில் பிழைக்கிற வழி. மாஸ்டர் என்ன செய்தாள் தெரியுமா?

“அடேயப்பா!” என்றாள்.

“என்ன அடேயப்பா?”

“கை நிக்கவே இல்லக்கா, பாருங்க. நான் வெட்டினாக்கூட இந்த வளைவுல கத்தரிய ஒருவாட்டி எடுத்து வைப்பேன். அந்த இடத்துல ஒரு சின்ன முனை தெரியும். இது ஒரே ஓட்டம். யாரா இருந்தாலும் கையில கண்ணு வச்சிருக்கறவங்க.”

“நான் வெட்டினாக்கூடன்னு சொன்னே.”

“உதாரணத்துக்குச் சொன்னேன்க்கா.”

“வீட்டுல கத்தரி புடிக்கறது நீ ஒருத்தி. மாடியில நாள் முழுக்க இருக்கறது நீ ஒருத்தி. என் செடி நாசமா நிக்குது, நீ நின்னு ரசிக்கறே. வேணும்னா ஒரு மாலையும் போட்டுக்க.”

[தொழில்காரர்களுக்கு இந்த நோய் உண்டு. எனக்குத் தெரிந்த பூட்டு வியாபாரி ஒருவர், தன் கடையை உடைத்த திருடனைப் பற்றிப் புகார் கொடுக்கப் போய், பூட்டில் கீறல்கூட விழாமல் திறந்த நேர்த்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு அவரையே விசாரிக்க ஆரம்பித்தார்.]

5

அன்று மத்தியானமே மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. கொட்டகையில் அவள் அங்கித் துணிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். துணிச்சுருள் மாட்டுகிற சட்டத்தின் குறுக்குக் குழாய் சுண்டுவிரல் பருமன். அதன் இரண்டு முனையும் மூடாமல் விட்டிருந்தது. காதோரம் ‘ங்ங்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், சாம்பலும் பழுப்புமாக ஒரு சின்னத் தேனீ, வயிற்றுக்கடியில் பச்சையாக எதையோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள் நுழைகிறது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுகிற ஆள் மாதிரி, முதலில் கொஞ்சம் இடித்துக்கொண்டு, பிறகு சரிசெய்துகொண்டு, உள்ளே.

மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். தேனீ வெளியே வந்தது, ஓர் இலையின் விளிம்பில் காலை விரித்து நின்றது, வாயை வைத்தது. பின்னங்காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பிக்கொண்டு வந்தது. நாம் காம்பசை ஊன்றிச் சுற்றுவோமே, அப்படி. முழு வட்டம் வருவதற்குச் சற்றுமுன் இறக்கையை அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் அது நிற்பது தான் வெட்டுகிற துண்டின் மேலேயே. கடைசி இழை அறுந்ததும் துண்டோடு விழவேண்டியது, விழாமல் பறந்தது. எல்லாம் ஒருவர் சட்டைப் பொத்தானைப் போடுகிற நேரத்துக்குள்.

இதையெல்லாம் பார்த்தவள் கீழே ஓடினாள்.

“அக்கா, தேனீக்கா! தேனீதான் வெட்டுது!”

“ஓகோ. கத்தரிய உங்கிட்ட வாங்கிட்டுப் போச்சா, இல்ல சொந்தமா வச்சிருக்கா?”

“வாயாலக்கா. வந்து பாருங்களேன்.”

“வர்றேன். தொட்டியத் தூக்கறதுக்கு வர்றேன்.”

சாயங்காலத்துக்குள் அத்தனை தொட்டியும் கீழே, அக்காவின் அறையில், கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம். அதோடு இலை வெட்டு நின்றுபோனது. நின்றதா, அதுவே சாட்சியாகிவிட்டது. “உள்ள வச்சதும் நின்னுபோச்சு பாருங்க,” என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். “தேனீயாம் தேனீ. தேனீக்கு ஜன்னல் கதவ சாத்தினா வர முடியாது. சரிதான். ரெண்டு காலு இருக்கற தேனீக்கும்தான் வர முடியல.”

மாஸ்டர் கடைசியாக ஒரு தப்பும் செய்தாள். குழாய் முனையைக் காட்ட அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். குழாயின் வாயில் பச்சையாக ஒரு வட்ட மூடி, அச்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். ரோஜா இலை. தன் ரோஜா இலை. மாஸ்டரின் கொட்டகையில், மாஸ்டரின் சட்டத்தில்.

“திருடினத எங்க வச்சேன்னு நீயே காட்டிட்டே,” என்றாள். “சுவர் எழுப்பிடலாம்.”

6

சில நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது மாஸ்டரின் புருஷன் ஒரு யோசனை சொன்னான். அண்ணனிடம் பேசிவிட்டு வந்தவன். அண்ணன் தம்பி இருவருக்குள்ளும் சண்டை கிடையாது. சண்டையே இல்லாததால் சமாதானம் பேசவும் வழியில்லை.

“நீதான் வெட்டினேன்னு ஒத்துக்கயேன். ஒரு வார்த்த. விஷயம் அதோட போயிடும்.”

“வெட்டலையே.”

“வெட்டலதான். எனக்குத் தெரியாதா? ஆனா செங்கல் வந்து எறங்கிடுச்சு. நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றாரு.”

“வெட்டியிருந்தா ஒத்துக்குவேன். அவ்வளவு நல்லா எனக்கு வெட்ட வராது.”

புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியாததால் அவனுக்கும் எழுதவில்லை.

7

[கொஞ்சம் ஏலக்காய்.]

குழாய்க்குக் கீழே தரையில் இரண்டு துண்டு இலைகள் கிடந்தன. தேனீ கை நழுவ விட்டவை. மாஸ்டர் அவற்றை மேசையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று நீள்வட்டம், ஒன்று முழு வட்டம். வேறு வேறு பேட்டர்ன். நீளத் துண்டு உடம்புக்கு, வட்டத் துண்டு மூடிக்கு என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. கை வேலைக்காரிக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. வட்டத்தை எடுத்துக் குழாயின் மறுமுனையில் வைத்துப் பார்த்தாள். குழாயின் வாயைவிட ஒரு மயிரிழை பெரிது.

“ஓரம் விட்டிருக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தையலுக்கு ஓரம் விடாமல் வெட்டினால் சட்டை இறுகும், பிரியும். மூடிக்கு ஓரம் விடாமல் வெட்டினால் உள்ளே விழும். மயிரிழை பெரிதாக இருந்தால் அழுத்தி வைத்ததும் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், நூல் வேண்டாம். அளவுநாடா இல்லாமல், குழாயை இங்கே விட்டு இலையை அங்கே வெட்டுகிற ஒரு ஜீவன், இந்த மயிரிழையை எங்கே மனதில் வைத்துக்கொண்டு பறந்தது? மாஸ்டர் முதன்முதலாகக் கத்தரி பிடித்த காலத்தில் இந்த ஓரம் விடுகிற விஷயத்துக்காக எவ்வளவு துணியைக் குப்பையாக்கினாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் இப்போது அந்த வட்டத்தைப் பார்த்த பார்வையில் பொறாமைகூட இருந்தது.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று மாஸ்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படித்திருக்கிறேன், தவிர இது என் கதை. மூடியைத் திறக்காமலே உள்ளே போக எனக்கு உரிமை இருக்கிறது. வாருங்கள்.

தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி மாதிரி ஓர் அறை. நீள இலைகளை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏற்றிச் சுவராக்கியிருக்கிறது. அதற்குள் மகரந்தமும் தேனும் குழைத்த மஞ்சள் உருண்டை. அதன்மேல் ஒரு முட்டை. பிள்ளை கண் திறக்கிற நாளிலிருந்து இறக்கை முளைக்கிற நாள்வரை தின்னத் தேவையானது அந்த உருண்டையில் இருக்கிறது. அம்மா திரும்பி வரப்போவதில்லை என்பது அம்மாவுக்கே தெரிந்த கணக்கு. மேலே வட்ட மூடிகள், ஒன்றல்ல, சில. அந்த மூடியே அடுத்த அறைக்குத் தரை. இப்படி வரிசையாகக் குழாயின் வாய்வரை.

இப்போது ஒரு பேரம் பேசுகிறவனின் கேள்வி. உள்ளே கடைசியில் இருக்கிற பிள்ளை முதலில் பிறந்தது. அது முதலில் வளர்ந்து வெளியே வர முண்டினால் முன்னால் இருக்கிற தம்பி தங்கையெல்லாம் நசுங்குமே? நசுங்காது. உள்பக்கத்து அறைகளில் பெண் முட்டை, வாசல் பக்கத்து அறைகளில் ஆண் முட்டை. ஆண்கள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் வெளியேறி வழியை விட்டுவிடுவார்கள். எந்த அறையில் எது என்று தாயே பார்த்து வைத்திருக்கிறாள். [ஒரு மாடிப்படி விவகாரத்தைத் தீர்க்கத் தெரியாமல் செங்கல் இறக்கியிருக்கிற வீட்டின் கூரைக்கடியில் இது நடக்கிறது என்பதை நான் கவனித்தேன். எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.]

ஆக, உண்மை என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது. பார்க்கவேண்டியவள் அக்கா. அவள் கதை படிப்பவள் இல்லை.

8

மாஸ்டருக்கு இப்போது கையில் ஒரே ஓர் ஆதாரம், அந்தக் குழாய். ஒரு நீளக் கம்பியை மறுமுனையில் விட்டுத் தள்ளினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். இலைத் தொப்பிகள், மஞ்சள் உருண்டை, புழு, எல்லாம். அக்கா கண்ணால் பார்ப்பாள். எந்தக் கத்தரியும் புழு வளர்க்காது. வழக்கு முடிந்தது, சுவர் வேலை நின்றது, மேசை பிழைத்தது.

வெளியே வரும். உயிரோடு வராது.

உள்ளே பிள்ளை இருப்பது மாஸ்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? இவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டி எவரும் காலிப் பெட்டி செய்து வைக்கமாட்டார்கள் என்பது போதாதா?

அவள் விடிந்ததும் கம்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். குழாயின் பின்முனையில் கம்பியின் நுனியை வைத்தாள். அங்கேயே நிற்கிறாள். எழுதுகிறவன் நான், அவள் கையைத் தள்ளவும் இழுக்கவும் என்னால் முடியும். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ:

‘அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ பச்சைத் துண்டோடு பறந்து வர, படியேறி வந்த அக்கா அதைக் கண்டு—’

வேண்டாம். தேவைப்பட்ட நொடியில் வந்து இறங்குகிற சரக்கை எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். பின்னால் யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அந்த யாரோ நான். தவிர, செடியெல்லாம் அறைக்குள். தேனீ எதை வெட்டிக்கொண்டு வரும்?

முடிவு ஆ:

‘மாஸ்டர் கம்பியைத் தள்ளினாள். பச்சைச் சுருள்கள் மேசையில் உருண்டன. ஒன்று வெடித்து, உள்ளிருந்து வெள்ளையாக ஒரு சின்னப் புழு நெளிந்தது. அக்காவின் கண்கள் கலங்கின. “என்னை மன்னிச்—”’

இதை எழுதி முடித்துப் படித்தேன். கணக்கு நேராகிறது. எழுதின கைதான் பிசுபிசுவென்று இருந்தது. ஒருத்தியின் நேர்மையை நிரூபிக்க ஒரு குழாய் நிறையப் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு, அதற்கு ‘மனங்கள் இணைந்தன’ என்று பெயர் வைத்து விற்கலாம். வாங்கவும் ஆள் உண்டு. நான் விற்கமாட்டேன்.

முடிவு இ:

சுவர் எழும்புகிறது. மாஸ்டர் மேசையைக் கீழே இறக்கி, விளக்கு போட்டு ஓர் இருட்டு மூலையில் வேலை செய்கிறாள். அக்கா தொட்டிகளை மறுபடி மாடிக்கு ஏற்றுகிறாள். கொஞ்ச நாளில் இலையில் வட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும். சுவர் எழுப்பியவளே அவள்தானே. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

இது கெட்டிச் சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் உண்மை வெல்லும்போது மாஸ்டர் இருட்டு மூலையில் இருக்கிறாள். சரியாக எழுதிய பெருமை எனக்கு, நஷ்டம் முழுக்க அவளுக்கு. எந்த ஊர் நியாயம்?

இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் கம்பியைக் கீழே போட்டுவிட்டாள். நான் எழுதவில்லை, சத்தியமாக. ‘நிற்கிறாள்’ என்று எழுதி வைத்திருந்தவள், திரும்பிப் பார்த்தால் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

9

அக்கா ஜன்னலோரம் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் வந்ததிலிருந்து செடிகளுக்கு முகம் சரியில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“அக்கா, ஒரு தொட்டிய மாடியில வைங்க.”

“வச்சா திரும்ப வெட்டுவே.”

“உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ரெண்டு கையும் மடியில. கத்தரிய நீங்களே வாங்கிப் பூட்டி வச்சுக்கங்க.”

“அப்பவும் இலை போச்சுன்னா?”

“போகணும்னுதான்க்கா வைக்கச் சொல்றேன்.”

அக்கா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “போகலைன்னா?”

“போகலைன்னா சுவர் எழுப்பிக்கங்க. நானே செங்கல் எடுத்துக் குடுக்கறேன்.”

இதுதான் முதல் விலை. எனக்கு உடம்பில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. கதையில் பேரம் வந்துவிட்டால் நான் எழுதவேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும்.

அக்கா மூலையில் கிடந்த ஒரு தொட்டியைக் காலால் நகர்த்தினாள். பழைய செடி, முரட்டு இலை. “இத எடுத்துட்டுப் போ.”

“இது சரிப்படாதுக்கா. தடிச்ச துணி மாதிரி இலை. சுருட்டினா நிக்காது. அது இத தொடாது.”

“ஓ. உன் தேனீக்கு இன்ன துணிதான் வேணும்னு இருக்கா?”

“எனக்கும்தான் இருக்கு. மெல்லிசா, வழவழன்னு இருக்கணும்.”

அப்படி ஒன்று இருந்தது. இளஞ்சிவப்புப் பூ பூக்கிற செடி. குச்சியாக வந்து, இரண்டு முறை பட்டுப்போய், மூன்றாவது முறை பிழைத்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் பேசினார்கள்.

“அத மட்டும் கேக்காதே.”

“கேக்கலக்கா. நீங்களா குடுத்தாத்தான்.”

“எவ்வளவு நேரம்?”

“மத்தியானம் வரைக்கும்.”

“கொத்தனார் வந்துருவாரு. அவர உக்கார வச்சுக் கூலி குடுக்கச் சொல்றியா? அவர் வந்து டீ குடிச்சு முடிக்கற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

“சரி.”

[அக்கா இதில் ஏமாந்தாளா, இல்லை, தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தாளா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். எந்தக் கொத்தனார் காலை டீயை அவசரமாகக் குடித்திருக்கிறார்?]

இளஞ்சிவப்புச் செடியை அக்கா தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். மாஸ்டர் கை கொடுக்க வந்தபோது “வேண்டாம்” என்றாள். செங்கல் அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற மூலையாகப் பார்த்து இறக்கிவைத்தாள். இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு ஆளுக்கு ஒன்றில் உட்கார்ந்தார்கள். கத்தரி அக்காவின் மடியில், ஒரு துணியில் சுற்றி.

பிறகு அக்கா, செடியைப் பார்த்தபடியே கேட்டாள்: “வந்தா எந்தப் பக்கத்துல இருந்து வரும்?”

“கொட்டகைப் பக்கத்துல இருந்துதான்க்கா. ஆனா இத்தன நாளா இங்க இலை இல்ல. வேற எங்கயாவது போயிருக்கலாம். செத்துகூடப் போயிருக்கலாம்.”

“அத மொதல்லயே சொல்லலியே நீ.”

“சொன்னா நீங்க தொட்டியத் தந்திருக்க மாட்டீங்களே.”

அக்காவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா என்று கேட்காதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அவள் முகத்தின் ஒரு பாதிதான் தெரிகிறது.

வெயில் ஏறியது. கொத்தனார் வந்தார், டீ வாங்கிக்கொண்டார், ஊதி ஊதிக் குடித்தார். குவளையைப் படியில் வைத்துவிட்டு, வேலையை ஆரம்பிக்கலாம் என்று இரும்புச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிவந்து தடாலென்று போட்டார். கரண்டி உள்ளே துள்ளியது.

அக்கா செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி அமர்த்தினாள்.

“மெதுவா வைங்க,” என்றாள் தாழ்ந்த குரலில். “பயந்துடும்.”

“எதும்மா?” என்றார் கொத்தனார்.

10

நான் இங்கே பேனாவை மூடிக்கொள்கிறேன்.

தேனீயை என்னால் வரவழைக்க முடியும். ஒரு வரி போதும். ஆனால் அது நான் கொண்டுவந்த தேனீயாக இருக்கும். அந்த வளைவை அதற்கு நான் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். என் கைக்கு அவ்வளவு நேர்த்தி கிடையாது என்பதை இந்தப் பக்கங்களே சொல்லும். வராமல் செய்யவும் எனக்கு மனசில்லை.

கொத்தனார் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எது என்று அவரும் பார்க்கிறார். செங்கல் அடுக்கின் மேல் ஓர் ஆள் உட்கார இடமிருக்கிறது. வருவதானால் சத்தம் போடாமல் வாருங்கள். உங்கள் நிழல் இலையின்மேல் விழாதபடி பார்த்து உட்காருங்கள்.